அமுக்குவான் ஆறு தாண்டாது

அந்தத் தெருப் பெண்களுக்குக் குரல் கம்மியிருக்கும். முதல் தடவை கணக்கெடுக்கப் போனபோது விண்ணரசி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி ஈரத்தில் யாருக்குத்தான் தொண்டை கட்டாது? இரண்டாம் தடவை சித்திரையில் போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போதும் கதவுக்குப் பின்னாலிருந்து "யாரு?" என்று வந்த குரல் பானைக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருந்தது. ஒரு வீடு என்றால் சரி. அடுத்த வீட்டிலும் அதே குரல். அதற்கு எதிர்வீட்டிலும்.

"எங்க போர்த் தண்ணி அப்படி" என்றார்கள்.

அதே தண்ணீரைக் குடிக்கிற ஆண்களுக்குக் குரல் கணீரென்று இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. வயலில் இறங்குகிற பெண்கள் புடவைக்கு மேலே புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொள்வது இந்தப் பக்கம் முழுக்க வழக்கம். விண்ணரசியே பதினாறு வயதில் அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு நடவுக்குப் போனவள்தான். ஆனால் யாரும் கழுத்துப் பட்டனைப் போட மாட்டார்கள். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற வேலையில் அது கழுத்தை அறுக்கும். இந்தத் தெருப் பெண்கள் போட்டிருந்தார்கள். ஆறேழு பேர் வரப்பில் வரிசையாக நடந்து வந்தால் கழுத்தே இல்லாத உருவங்கள் வருவது போலிருக்கும்.

விண்ணரசி பார்த்தது சென்னையிலிருந்த ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. வீட்டுக்குள் நடக்கிற அடிதடியில் எந்த வீட்டில் உயிர் போகும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா, கண்டுபிடித்தால் தடுக்க முடியுமா என்பது ஆராய்ச்சி. கையில் கொடுத்திருந்த டேப்லெட்டில் இருபத்து நான்கு கேள்விகள். பத்தொன்பதாவது கேள்விதான் உயிர்நாடி: உங்கள் கணவர் எப்போதாவது உங்கள் கழுத்தைப் பிடித்து அழுத்தியிருக்கிறாரா? ஒரு தடவை கழுத்தில் கை வைத்தவன் பிறகு கொலையில் கொண்டுபோய் நிறுத்துவது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று தஞ்சாவூரில் மூன்று நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மற்ற தெருக்களில் எட்டுப் பேருக்கு ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள். இந்தத் தெருவில் ஒருத்திகூட இல்லை.

"அவரு எதுக்குங்க அமுக்குறாரு? அமுக்குவான்ல அமுக்குது."

தூங்குகிறவர்களின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மூச்சை அடைக்கிற பேய் அது. எல்லா ஊரிலும் பேச்சு உண்டு. விடிந்தால் மறந்துபோகும். இந்தத் தெருவில் மட்டும் விடிந்த பிறகும் அதன் விரல்தடம் இருந்தது.

'யார்?' என்று டேப் கேட்ட இடத்தில் 'மற்றவர்' என்று தட்டி, பக்கத்தில் 'அமுக்குவான்' என்று எழுதினாள். பதினோரு வீட்டில் பதினோரு தடவை. சென்னையில் அந்தப் பதினொன்றையும் துடைத்துவிட்டார்கள்.

"பேயை எந்தக் கட்டத்துல போடறது விண்ணரசி?" என்று டாக்டர் ஜாஃபர் சாதிக் போனில் சிரித்தார். ஆராய்ச்சிக்குத் தலைவர் அவர்தான். நல்ல மனிதர்.

இரண்டாம் தடவை போனபோது பதினொன்று பத்தாகியிருந்தது. விஜயலட்சுமி என்ற பெண் மாசியில் செத்துப்போயிருந்தாள். "அமுக்குவான் கொண்டுபோயிடுச்சு" என்றார்கள். வேறு விவரம் யாரும் சொல்லவில்லை. டேப்பில் 'இறந்துவிட்டார்' என்பதைத் தொட்டாள். 'நன்றி, இந்தப் படிவம் முடிந்தது' என்று வந்தது. விண்ணரசி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தே டாக்டருக்கு அரை மணி நேரம் குரல்பதிவு அனுப்பினாள். மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு அவரே தஞ்சாவூர் வந்து எதிரில் உட்கார்ந்து, "நீங்க சொன்னதுதான் சரி. நாங்க துடைச்சது தப்பு. இது பேப்பர்லயே கிடந்தா பிரயோஜனம் இல்ல, தெருவுக்கு வரணும். எப்படி வரணும்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

அவள் சொன்னாள். அப்படி வந்ததுதான் இந்தக் கூட்டமும் இந்தச் சுவரொட்டியும். ஒரு பெண்ணின் கழுத்து, அதில் இரண்டு பெரிய கைகள், கீழே கொட்டை எழுத்தில்: 'இது பேய் அல்ல. கை.' வாசகம் விண்ணரசியுடையது. அச்சாகி வந்ததைப் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஐப்பசி மூன்றாம் தேதி, மதியம் இரண்டு மணி. மூன்று மணிக்குக் கூட்டம். சமுதாயக்கூடத்துச் சுவரில் பசை தடவிச் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தபோது நர்ஸ் மங்களாம்பிகை ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, மழைக்கோட்டு சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள். இருபது வருஷமாக அந்த ஊர் துணை சுகாதார நிலையத்தில் இருப்பவள். சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

"யாரு எழுதினது?"

"நாந்தாங்க்கா."

"நல்லாருக்கு. கொண்டுபோயி சுடுகாட்டு வாசல்ல ஒட்டு. அங்கதான் வேலைக்கு ஆகும்."

விண்ணரசிக்குச் சுருக்கென்றது. "உண்மையைச் சொல்றது தப்பாக்கா?"

"உக்காரு" என்றாள் மங்களாம்பிகை. "இந்தத் தெருவுல ஒருத்தி எம்புருஷன் கழுத்தைப் பிடிச்சான்னு வாயத் தெறந்தா என்னாகும்? நாலு பெரிய மனுஷன் கூடுவான். அவனை நிக்க வச்சுக் கேப்பான். அவன் தலைகுனிஞ்சு சரிம்பான். பொழுது சாய்ஞ்சா அவ எந்த வீட்டுக்குப் போவா? உன் வீட்டுக்கா, என் வீட்டுக்கா?"

விண்ணரசி பசைச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அமுக்குவான் அமுக்குச்சுன்னு சொன்னா கதையே வேற. மாமியாக்காரி மறுநாளே கூட்டிப்போயி ஆத்துக்கு அந்தாண்ட அந்தோணியார் கோயில்ல விட்டுடணும். மூணு செவ்வாக்கெழம அங்கயே இருக்கணும். இந்துவா வேதக்காரியான்னு யாரும் கேக்கமாட்டான். புருஷனுக்கு அசிங்கம் இல்ல. அதனால துரத்திக்கிட்டு வரமாட்டான். அவ வீட்டை விட்டுப் போறதுக்கு இங்க இருக்கற ஒரே வழி அது. அந்த வழியத்தான் நீ பசை போட்டு அடைக்கிற."

பையிலிருந்து தடுப்பூசி நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பிக் காட்டினாள். பன்னிரண்டு வருஷம். இருபத்தாறு பேர். போன தேதி, வந்த தேதி. "ஒருத்திகூடச் சாகல. உங்க ஆராய்ச்சியில இது வருமா?"

விண்ணரசி நோட்டை வாங்கினாள். கண் தானாகவே தேதிகளை ஒப்பிட்டது. பழக்கதோஷம். "அக்கா, ஒரே பேரு ரெண்டு தடவ வருது, மூணு தடவ வருது. திரும்பி வந்து ரெண்டு மாசத்துக்குள்ளயே மறுபடியும் போயிருக்காங்க. பிரிஞ்ச முத மூணு மாசந்தான் ஆபத்துன்னு எங்க பயிற்சியில சொன்னாங்க. மூணு செவ்வா பத்தாதுக்கா."

"எனக்குத் தெரியாதா? அதுக்கு மேல மாமியா விடமாட்டா. வேலைக்கு ஆள் வேணும்ல?"

விண்ணரசி மறுபடியும் பக்கங்களைப் புரட்டினாள். "விஜயலட்சுமி பேரு இல்லியே."

"அவ போகல."

"ஏன்?"

மங்களாம்பிகை மழைக்கோட்டைக் கழற்றி உதறினாள். விண்ணரசியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "பேயாவது ஒண்ணாவது, எல்லாம் உன் புருஷன்தான்னு யாரோ அவகிட்ட சொல்லியிருக்காங்க. படிச்ச பொண்ணாம், கையில பலகை மாதிரி ஒண்ணு வச்சிருந்துச்சாம். தடுப்பூசிக்கு வந்தப்ப எங்கிட்ட சொன்னா. பாவி மக, நம்பிட்டா. கோயிலுக்குப் போறத விட்டுட்டு நேரா அவங்கிட்டயே போயிக் கேட்டிருக்கா."

விண்ணரசிக்கு அந்த மதியம் ஞாபகத்தில் இருந்தது. டேப்பை அணைத்துக் கீழே வைத்துவிட்டு விஜயலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னாள். அந்த ஊரில் தான் செய்த காரியங்களிலேயே மனுஷத்தனமானது அது ஒன்றுதான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

வாசலில் நிழல் தட்டியது. குடையை மடக்காமலேயே ஒரு பெண் உள்ளே வந்து நின்றாள். மலர்க்கொடி. நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிற இனியவனின் மனைவி. கல்யாணமாகி நான்கு வருஷம். கழுத்துப் பட்டன் போட்டிருந்தது. ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை.

மங்களாம்பிகை எழுந்துபோய் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வெள்ளை விழியில் மிளகாய் விதை சிதறியது போல் சிவப்புப் புள்ளிகள். விண்ணரசி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஒரு வாய் வைத்தாள் மலர்க்கொடி. விழுங்க முடியாமல் அப்படியே மோவாய் வழியாக வழிந்தது.

"எப்ப?"

ஒரு விரலைக் காட்டினாள். நேற்று.

"மாமியாகிட்ட சொன்னியா?"

தலையாட்டினாள். கையால் களை பறிப்பது போல் செய்து காட்டினாள். களை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறாள் மாமியார் ராசம்மாள்.

"அக்கா, தொண்டை உள்ளுக்குள்ள வீங்கும்" என்றாள் விண்ணரசி. "ஒருநாள் விட்டுக்கூட மூச்சு அடைச்சுக்கும். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

"போகலாம். அவன் எங்க?"

மலர்க்கொடி வாசலைக் காட்டினாள். சட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறான். கூட்டத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போகலாம் என்று அவன் சொன்னதைச் சைகையிலேயே புரியவைத்தாள்.

அவன் வந்து இந்தச் சுவரைப் பார்த்தால் போதும். விண்ணரசி பாய்ந்து சுவரொட்டியைப் பிடித்து இழுத்தாள். பசை பாதி காய்ந்துவிட்டிருந்தது. கழுத்து கிழிந்து வந்தது, எழுத்து வந்தது, ஒரு கை வந்தது. இன்னொரு கை சுவரோடு பிடித்துக்கொண்டது. நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

நாற்பது பேர் இருக்கும். ஆண்கள் நாற்காலியில், பெண்கள் கீழே பாயில். வந்தவர்கள் எல்லோரும் முதலில் பார்த்தது சுவரில் தனியாக இருந்த அந்தக் கையைத்தான். யாருக்குச் சொந்தம் என்று தெரியாத கை, ஐந்து விரலும் வளைந்து, எதையோ பிடித்திருந்த மாதிரி. அதற்குக் கீழே மட்டும் ஒருவரும் உட்காரவில்லை.

இனியவன் வந்தான். தலையை நன்றாக வாரி, நெற்றியில் விபூதி வைத்திருந்தான். மலர்க்கொடியின் கையிலிருந்த குடையை வாங்கி மடக்கி ஓரமாக வைத்தான். "வணக்கங்க்கா" என்று விண்ணரசியைப் பார்த்துச் சிரித்தான். மெதுவாகப் பேசுகிறவன். தை வரைக்கும் மெஷினுக்கு வேலை கிடையாது. இனி மூன்று மாதமும் வீட்டோடுதான் இருப்பான்.

பேசுவதற்காக எழுதிவைத்திருந்த தாளை விண்ணரசி நான்காக மடித்தாள்.

"ஏங்கம்மா ராசம்மா" என்றாள், முன்வரிசையைப் பார்த்து. "உங்க மருமவளை நேத்து அமுக்குவான் அமுக்கியிருக்கு. இன்னும் ஏன் ஆத்துக்கு அந்தாண்ட கொண்டுபோகல?"

அவள் வாயிலிருந்து அந்தப் பேர் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

"நாலு நாள்ல களை முடிஞ்சிடும், அப்பறம் பாக்கலாம்னு..." என்றாள் ராசம்மாள். அந்தக் கூடத்தில் எல்லாவற்றையும்விடக் கம்மிய குரல் அவளுடையதுதான். நாற்பது வருஷத்துக் கம்மல்.

"நாலு நாள்ல இவ முடிஞ்சிடுவா" என்றாள் மங்களாம்பிகை.

பின்னாலிருந்து பக்கிரி என்ற கிழவர் கனைத்தார். "ஏம்மா, அந்தக் கம்ப்யூட்டருல பேய்கூடத் தெரியுதா? எங்க ஊட்டுக் கெழவிய ஒருக்கா போட்டுப் பாரேன்."

ஆண்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் விண்ணரசி டேப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"தெரியுதுங்க. இந்தத் தெருவுல பதினோரு பேரை அது பிடிச்சிருக்கு. பதினோரு பேரும் இதுக்குள்ள இருக்காங்க. ஒருத்தவங்க செத்துட்டாங்க. மிச்சப் பேரு யாரு யாருன்னு நான் படிக்கட்டுங்களா?"

யாரும் படி என்று சொல்லவில்லை. மழை நின்றிருந்தது. நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆண்களில் சிலர் மடியில் கிடந்த கையைத் துண்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள். தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்று சொல்ல முடியாது. விண்ணரசி எண்ணினாள். ஏழு பேர்.

இனியவன் எழுந்து நின்றான். "நான் பக்கத்துலதாங்க படுத்திருந்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியல. முழிச்சுப் பாக்கறேன், இவ தரையில கிடக்கா. கத்தக்கூட இல்ல." அவன் கண் கலங்கியது. நடிப்பு என்று சொல்ல முடியாத முகம். "இப்பவே கூட்டிப்போங்க. நானும் கூட வரேன். கோயில்லயே இவ பக்கத்துல படுத்துக்கறேன்."

"வரக்கூடாது" என்றாள் விண்ணரசி. சொன்ன பிறகுதான் ஏன் என்று யோசித்தாள்.

"ஏங்க்கா?"

"அது தானா ஆறு தாண்டாது." வார்த்தைகள் வந்துகொண்டிருந்தன, அவளே யாரோ சொல்லக் கேட்கிற மாதிரி. "பக்கத்துல படுத்திருந்த ஆளு முதுகுல ஏறித்தான் தாண்டும். நீங்க பாலத்துல கால் வச்சா அதுவும் கூடவே வந்துடும். அங்க போயி முடிச்சிடும்."

"எத்தன நாளைக்கு?"

"தை பொறக்கற வரைக்கும்."

"மூணு செவ்வாதான வழக்கம்?" என்றாள் ராசம்மாள். "இது என்ன புதுசா இருக்கு?"

பேய்க்கு ஒரு விதியை உண்டாக்கலாம். அதற்குச் சாட்சிக்கு எங்கே போவது? அத்தனை கண்களும் விண்ணரசியையே பார்த்தன.

பாயில் உட்கார்ந்திருந்த கமலாம்பாள் தலையைத் தூக்கினாள். ஐம்பது வயது, கழுத்துப் பட்டன் போட்டவள். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. "மூணு செவ்வா சாதாரணத்துக்கு" என்றாள், கம்மிய குரலில், அவசரமே இல்லாமல். "கண்ணுல ரத்தம் காட்டிடுச்சுன்னா தை வரைக்கும். அதான் கணக்கு."

"ஆமாமா" என்றாள் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். "எங்க பொறந்த ஊர்லயும் அப்படித்தான்."

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி தொண்டையைக் காட்டணும்" என்றாள் இன்னொருத்தி. "அதைத் தொண்டையில வச்சுக்கிட்டுக் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது."

பானைக்குள்ளிருந்து வருகிற குரல்கள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. ஒருத்தியும் விண்ணரசியின் முகத்தைப் பார்க்கவில்லை. இவர்கள் எத்தனை வருஷமாக இப்படி ஒருத்தி விட்ட கதையின் முடிச்சை அடுத்தவள் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குப் பேயைவிட அதுதான் பயமாக இருந்தது. ராசம்மாள் பெண்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். "ஏத்திவிடுங்க" என்றாள். "களையை நான் பாத்துக்கறேன்."

ஆட்டோ வந்தது. மலர்க்கொடியை ஏற்றி மங்களாம்பிகை பக்கத்தில் உட்கார்ந்தாள். விண்ணரசி துணிப்பையை உள்ளே வைக்கக் குனிந்தபோது மலர்க்கொடி அவள் தோளைப் பிடித்து இழுத்துக் காதருகே மூச்சை விட்டாள். அந்த மூச்சில் சொல் இருந்தது.

"முழிச்சுத்தான் இருந்தாருக்கா. என் பேரைச் சொல்லிச் சொல்லி அமுக்குனாரு."

ஆட்டோ கிளம்பிவிட்டது. விண்ணரசி திரும்பிப் பார்த்தாள். இனியவன் கூடத்து வாசலில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

ஐந்து மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். "கூட்டம் எப்படிப் போச்சு?"

"பேய் இருக்குன்னு சொல்லிட்டேன் சார்."

எல்லாவற்றையும் சொன்னாள். விஜயலட்சுமிக்குத் தான் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு?" என்றார் கடைசியில்.

"அட்மிட் பண்ணிட்டாங்க. உள்ளே வீக்கம் இருக்காம். நல்லவேளை கொண்டுவந்தீங்கன்னாங்களாம். பேசறதுக்கு நாளாகும்னு நர்சக்கா சொன்னாங்க. போலீஸ்ல சொல்றதா வேணாமான்னு, குரல் திரும்பினதும் அவளே முடிவு பண்ணட்டும்."

"தை வரைக்கும்னு எதை வச்சுச் சொன்னீங்க?"

"உங்க ஆராய்ச்சியை வச்சுத்தான் சார். மூணு மாசம்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

"எழுதி அனுப்புங்க" என்றார். "இதைத் துடைக்க மாட்டேன்."

பஸ்ஸுக்காகப் பாலத்தடிக்கு நடந்தாள். மழை விட்ட வானம் மஞ்சளாக இருந்தது. வெண்ணாற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு சத்தமில்லாமல் போயிற்று. பாலத்தின் இந்த முனையில் கமலாம்பாளும் இன்னும் நான்கு பெண்களும் உட்கார்ந்து புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் அறுக்கிற அளவுக்குப் புல் கிடையாது. அரிவாள் மட்டும் போய்ப் போய் வந்தது.

இனியவன் பாலத்தை ஒட்டி நின்றிருந்தான். கால் விரல்கள் சிமெண்டு தொடங்குகிற கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கமாக இருந்தன. எவ்வளவு நேரமாக நிற்கிறானோ, அவன் சட்டை வியர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"அக்கா" என்றான் விண்ணரசியைப் பார்த்து, அதே மெதுவான குரலில். "இங்கேருந்து கூப்பிட்டா அவளுக்குக் கேக்குமா?"

"அவ தஞ்சாவூர்ல இருக்கா."

"சும்மா. கூப்பிட்டுப் பாக்கறேன்." அவன் இரண்டு கையையும் வாயருகே குவித்தான். "மலரு..."

ஆறு அதை எடுத்துக்கொண்டு போயிற்று. ஐந்து அரிவாள்களும் நின்றன.

"கூப்பிடாத தம்பி" என்றாள் கமலாம்பாள். "பேரைச் சொன்னியன்னா அது வழி கண்டுபுடிச்சிக்கும்."

அப்படி ஒரு விதியை விண்ணரசி கேட்டதில்லை. மங்களாம்பிகையின் நோட்டிலும் இல்லை. கமலாம்பாள் அதைச் சொன்ன விதத்தில் அது வெண்ணாறு ஓடத் தொடங்கின காலத்திலிருந்தே இருப்பது போல இருந்தது.

இனியவன் குவித்த கையை இறக்கினான். ஓர் அடி பின்வாங்கினான். பிறகு இன்னோர் அடி.

பெண்கள் ஐந்து பேரும் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், தோளுக்குச் சற்று மேலே, ஏதோ ஒன்றும் கூடவே பின்வாங்குகிறதா என்று பார்ப்பது போலப் பார்த்தார்கள். அவன் அதைக் கவனித்தான். அவன் கழுத்து மெல்லப் பின்னால் திரும்பத் தொடங்கியது.

பஸ் வந்து நின்றது. ஏறிக் கம்பியைப் பிடித்த பிறகுதான் விண்ணரசிக்கு உறைத்தது, தானும் அந்த இடத்தையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று.